பழைய, திறன் குறைந்த மடிக்கணினியில் ஆண்ட்ராய்டு நிறுவும் முறை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பகம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு ஆகியவை தேவை என்பதால், சிங்கப்பூரின் சன்டெக்கிலும் எக்ஸ்போவிலும் நடந்த மின்னணுப் பொருட்காட்சிகளில் மலிவு விலைக்கு வாங்கிய சிறு மடிக்கணினிகள் பலவற்றுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. 2 ஜிகாபைட் நினைவகமும், மதர்போர்டிலேயே ஒட்டப்பட்ட 32 ஜிகாபைட் இஎம்எம்சி சேமிப்பகமும் கொண்ட அத்தகைய கணினி உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், அதில் கைப்பேசிக்கான ஆண்ட்ராய்டு இயங்குதளத்தை நிறுவி, வாசிக்கவும் வானொலி கேட்கவும் காணொளி பார்க்கவும் பயன்படுத்தலாம்.

நிறுவும் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் எந்தப் பதிப்பை நிறுவுவது, நிறுவிய கணினியிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்ற இரண்டையும் முன்கூட்டியே தீர்மானிக்காமல் தொடங்குபவர்கள்தான் பாதி வழியில் கைவிடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி அவற்றுக்கே கூடுதல் இடம் தருகிறது.

எந்தப் பதிப்பு என்பதைச் சிப்பே தீர்மானிக்கும்

கைப்பேசிகளில் இருப்பவை ஆர்ம் வகைச் சிப்புகள். மடிக்கணினிகளில் இருப்பவை பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி தயாரிக்கும் எக்ஸ்86 வகைச் சிப்புகள். எனவே கைப்பேசிக்கான ஆண்ட்ராய்டை அப்படியே எடுத்து மடிக்கணினியில் போட முடியாது. இந்த இடைவெளியை நிரப்பவே 2009இல் ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 என்ற திறமூலத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் 9.0 பதிப்பு 2020இல் வெளியானது. அதே அடித்தளத்திலிருந்து வளர்ந்த பிளிஸ் ஓஎஸ், ஆண்ட்ராய்டு 11, 12, 13 ஆகியவற்றை ஒட்டிய புதிய பதிப்புகளை வெளியிட்டது.

புதியதே நல்லது என்று எண்ணி எல்லாக் கணினிகளிலும் பிளிஸ் ஓஎஸ் நிறுவ முடியாது. அதற்கு 64-பிட் சிப் வேண்டும்; அந்தச் சிப்பில் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பும் இருக்க வேண்டும். 2008 முதல் நெட்புக் என்ற பெயரில் விற்ற கணினிகளில் இருந்த ஆட்டம் என்270 சிப் 32-பிட் மட்டுமே. அதற்கு அடுத்து வந்த என்450 சிப் 64-பிட் என்றாலும் அதில் எஸ்எஸ்இ 4.2 கிடையாது. ஏஎம்டியின் சி-50, சி-60, இ-350 சிப்புகளுக்கும் அதே நிலைதான். 2013க்குப் பின் வந்த பே டிரெயில் வகையைச் சேர்ந்த இன்டெல் ஆட்டம், செலரான் சிப்புகளிலும், எடுத்துக்காட்டாக இசட்3735எஃப், என்2840 ஆகியவற்றிலும், பின்னர் வந்த என்3350, என்4000 ஆகியவற்றிலும் அந்தத் தொகுப்பு உள்ளது. உங்கள் கணினியில் என்ன சிப் இருக்கிறது என்பதை விண்டோஸ் அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதிக்குள் உள்ள 'அபௌட்' பக்கம் காட்டும். எஸ்எஸ்இ 4.2 உள்ளதா என்பதைச் சிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்எஸ்இ 4.2 இருந்து, நினைவகமும் 4 ஜிகாபைட் இருந்தால் பிளிஸ் ஓஎஸ்ஸையே தேர்ந்தெடுங்கள். நினைவகம் 2 ஜிகாபைட் மட்டும் என்றால் ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 9.0 பொருத்தமானது. எஸ்எஸ்இ 4.2 இல்லாத பழைய சிப்புகளுக்கு அதே 9.0இன் 32-பிட் கோப்பை எடுக்க வேண்டும். 1 ஜிகாபைட் நினைவகம் கொண்ட நெட்புக்கில் இந்த முயற்சி வேண்டாம் என்பதே என் கருத்து. இயங்குதளம் திறக்கும், ஆனால் அதற்குமேல் ஒரு செயலியைத் திறந்தால் திணறும். ஆட்டம் என்2600, என்2800 சிப்புகள் கொண்ட கணினிகளையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் வரைகலைப் பகுதி பவர்விஆர் வகையைச் சேர்ந்தது. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸில் அதற்குச் சரியான முப்பரிமாண இயக்கி இல்லாததால் திரை நகர்வது கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மெதுவாக இருக்கும்.

இந்தக் கணினியிடம் எதை ஒப்படைக்கலாம்

தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை வாசிப்பது, தமிழ் முரசு படிப்பது, ஒலி 96.8 கேட்பது, யூடியூப் பார்ப்பது, ஊரில் உள்ள உறவினர்களுடன் காணொளியில் பேசுவது போன்றவற்றுக்கு இது போதும். கைப்பேசியின் சிறு திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்கும் மூத்தோருக்கு 11 அங்குலத் திரை ஒரு பெரிய வசதிதான்.

வங்கிச் செயலியையும் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளச் செயலியையும் இதில் வைக்க எண்ணாதீர்கள். ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 கூகலின் சான்று பெற்ற கருவி அல்ல; இயங்குதளத்தின் உட்பகுதி வரை மாற்றவிடும் ரூட் அனுமதியும் அதில் திறந்தே இருக்கிறது. சிங்கப்பூர் வங்கிகள் 2023 முதல் தங்கள் செயலிகளில் சேர்த்துவரும் தீநிரல் தடுப்புப் பாதுகாப்பு இத்தகைய கருவியைச் சந்தேகத்துக்குரியதாகவே பார்க்கும். இதைச் சுற்றிப்போகும் குறுக்குவழிகள் இணையத்தில் கிடைக்கின்றன. சேமிப்புக் கணக்கோடு தொடர்புடைய கருவியில் அவற்றை முயல்வது அறிவுடைமை ஆகாது. பணம் தொடர்பான வேலைகள் கைப்பேசியிலேயே இருக்கட்டும்.

இன்னொரு கட்டுப்பாட்டையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. குரோம் உலாவி 2025இல் வந்த 139ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு 10க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டுமே கிடைக்கிறது. ஆகவே 9.0 நிறுவிய கணினியில் குரோம் பழைய பதிப்போடு நின்றுவிடும். அதில் உலாவுவதற்குப் பயர்பாக்ஸ் பயன்படுத்துங்கள். அதோடு, உங்கள் முதன்மைக் கூகல் கணக்கை இதில் சேர்க்காமல், இதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் குடும்பப் படங்களும் பழைய மின்னஞ்சல்களும் கிடக்கத் தேவையில்லை.

பிள்ளைகளின் பள்ளி வேலைக்கும் தட்டச்சு வேலைக்கும்தான் கணினி தேவை என்றால், ஆண்ட்ராய்டை விட கூகலின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் மேலானது. 2022இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அதற்கு 4 ஜிகாபைட் நினைவகமும் 16 ஜிகாபைட் சேமிப்பகமும் போதும். பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து கிடைக்கும். ஆனால் அதில் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடமாட்டா. செயலி வேண்டுமா, உலாவி போதுமா என்று கேட்டுப் பார்த்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தெளிவாகிவிடும்.

தொடங்குவதற்கு முன்

கணினியைக் கவிழ்த்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். தொடுதிண்டு மேலெழுந்திருந்தாலோ, அடிமூடி புடைத்திருந்தாலோ மின்கலம் வீங்கியிருக்கிறது என்று பொருள். அந்தக் கணினியை மின்னேற்றம் செய்யவும் கூடாது, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் குப்பைக் குழாயில் போடவும் கூடாது. பழுதுபார்ப்பவரிடம் காட்டி மின்கலத்தை முதலில் மாற்றுங்கள்.

கணினியில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டுக்கு மாற்றிக்கொண்டு, விண்டோஸின் மீட்பு வட்டு ஒன்றையும் தம்ப்டிரைவில் உருவாக்கி வையுங்கள். விண்டோஸ் 10இன் உரிமம் பொதுவாக மதர்போர்டோடு பிணைந்திருப்பதால், பிற்காலத்தில் திரும்ப வேண்டுமென்றால் சாவி எண் இல்லாமலே மீண்டும் நிறுவ முடியும். சில சிறு கணினிகளில் சேமிப்பகம் தானாகவே பூட்டாக்கம் செய்யப்பட்டிருக்கும். கணினி துவங்கும் முறையைக் கட்டுப்படுத்தும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் எதையாவது மாற்றியதும் விண்டோஸ் மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அந்தக் குறியீட்டை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தம்ப்டிரைவைத் தயாரித்தல்

8 ஜிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட தம்ப்டிரைவ் ஒன்று வேண்டும். அதில் இருப்பவை எல்லாம் அழிந்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவலுக்கான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அத்திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதே பெயரில் கோப்புகளை வழங்கும் மூன்றாம் தரப்புத் தளங்கள் பல உள்ளன. அவற்றில் எது திருத்தப்பட்டது, எது மூலம் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 9.0இன் 64-பிட் கோப்பு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. பிளிஸ் ஓஎஸ் அதைவிடப் பெரியது.

கோப்பைத் தம்ப்டிரைவில் எழுதுவதற்கு விண்டோஸில் ரூஃபஸ் என்ற கருவி வசதியானது. ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்தவுடன், அருகிலுள்ள சரிக்குறிப் பொத்தானைச் சொடுக்கினால் கோப்பின் சரிபார்ப்பு எண்ணைக் காட்டும். தளத்தில் கொடுக்கப்பட்டுள்ள எண்ணோடு அது ஒத்துப்போனால் இறக்கம் பழுதில்லாமல் முடிந்திருக்கிறது. பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ உள்ள கணினிக்கு 'ஜிபிடி', பழைய பயாஸ் கணினிக்கு 'எம்பிஆர்' என்று தேர்ந்தெடுங்கள். எந்த முறையில் எழுதுவது என்று ரூஃபஸ் கேட்கும்போது ஐஎஸ்ஓ முறையையே முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படித் தயாரித்த தம்ப்டிரைவ் துவங்காவிட்டால் மட்டும் டிடி முறையில் மீண்டும் எழுதிப் பாருங்கள்.

பயாஸில் மாற்ற வேண்டியவை

கணினி துவங்கும்போது பெரும்பாலான ஏசர், லெனோவோ, டெல் கருவிகளில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து துவங்குவது என்ற பட்டியல் வரும். அதற்கு முன் பயாஸுக்குள் சென்று 'செக்யூர் பூட்' என்பதை அணைத்துவிட வேண்டும். ஏசர் கணினிகளில் இந்த அமைப்பு மங்கலாகத் தெரியும், தொட முடியாது. 'சூப்பர்வைசர் பாஸ்வேர்ட்' ஒன்றை முதலில் அமைத்தால்தான் அது திறக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கடவுச்சொல்லை நீக்கிவிடுங்கள். எஃப்12 பட்டியலும் அதே பயாஸில் தனியாக இயக்கி வைக்க வேண்டிய ஒன்றாக இருக்கலாம்.

பே டிரெயில் சிப் கொண்ட சில மலிவுக் கணினிகளில் சிப் 64-பிட்டாக இருந்தாலும் யூஇஎஃப்ஐ 32-பிட்டாகவே இருக்கும். 64-பிட் பூட்லோடர் (இயங்குதளத்தைத் துவக்கும் நிரல்) மட்டும் உள்ள தம்ப்டிரைவை அவை கண்டுகொள்ளாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தம்ப்டிரைவ் பட்டியலில் வராவிட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்

தம்ப்டிரைவிலிருந்து துவங்கியதும் வரும் பட்டியலில் 'லைவ் சிடி' என்ற தெரிவு இருக்கும். கணினியில் எதையும் எழுதாமல் ஆண்ட்ராய்டை ஓட்டிக் காட்டும் வழி அது. அவசரப்பட்டு இதைத் தாண்டிச் செல்லாதீர்கள். அருகலை (வைஃபை) இணைப்பு கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தொடுதிண்டு வேலை செய்கிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, ஒளிக்கருவி படம் காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். தம்ப்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத்தான் இருக்கும். வேகத்தை வைத்து இப்போது முடிவெடுக்க வேண்டாம்.

அதிகமாகத் தொல்லை தருவது அருகலைதான். இன்டெல், ஏதெரோஸ் அட்டைகள் பெரும்பாலும் உடனே இணைந்துகொள்ளும். பிராட்காம் அட்டைகளும், மலிவுக் கணினிகளில் மதர்போர்டிலேயே பதிக்கப்பட்ட சில ரியல்டெக் சிப்புகளும் முரண்டு பிடிக்கும். லைவ் முறையில் அருகலை கிடைக்காவிட்டால் நிறுவிய பிறகும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் ஆதரவுள்ள சிறு யூஎஸ்பி அருகலைக் கருவி ஒன்றைச் செருகுவதே எளிய தீர்வு. சிம் லிம் ஸ்குவேரில் இத்தகையவை கிடைக்கும். விலையைக் கேட்பதற்கு முன் உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று கேளுங்கள்.

திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் கணினியை அணைத்து மீண்டும் துவக்கி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'வெசா' என்ற எளிய திரைக்காட்சி முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த முறையில் திரை வந்தால் பழுது வரைகலை இயக்கியில் இருக்கிறது என்பது உறுதி. வெசா முறையில் காணொளி சீராக ஓடாது என்பதால், வேறு பதிப்பை முயல்வதுதான் முறை.

நிறுவுதல்

சோதனை திருப்தியாக இருந்தால் மீண்டும் தம்ப்டிரைவிலிருந்து துவக்கி 'இன்ஸ்டலேஷன்' தெரிவுக்குச் செல்லுங்கள். நீலப் பின்னணியில் சேமிப்பகப் பாகங்களின் பட்டியல் வரும். சாதாரண வன்தட்டோ எஸ்எஸ்டியோ 'எஸ்டிஏ' என்றும், இஎம்எம்சி 'எம்எம்சிபிஎல்கே' என்றும் தொடங்கும் பெயர்களில் தெரியும். தம்ப்டிரைவும் அதே பட்டியலில் இருக்கும் என்பதால் கொள்ளளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். இஎம்எம்சியில் 'பூட்0', 'பூட்1' என்று முடியும் மிகச் சிறிய பாகங்கள் தெரிந்தால் அவற்றைத் தொடக் கூடாது.

விண்டோஸை முழுவதும் நீக்கிவிடுவதாக இருந்தால், பாகங்களை அழித்துப் புதிதாகப் பிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விண்டோஸ் இருந்த பெரிய பாகத்தையே தேர்ந்தெடுத்து, 'எக்ஸ்ட்4' வடிவில் அமைக்கச் சொன்னால் போதும். அந்தப் பாகத்தில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கை வரும். பாகத்தின் பெயரை மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். அடுத்து கிரப் பூட்லோடரை நிறுவலாமா என்று கேட்கும், ஆம் என்க. யூஇஎஃப்ஐ கணினியில் பூட் பாகத்தையும் புதிதாக வடிவமைக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குறிப்பாக, விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் இந்த இடத்தில் ஆம் என்று அழுத்தினால், விண்டோஸ் துவங்குவதற்கான கோப்புகள் போய்விடும்.

'சிஸ்டம்' கோப்புறையை எழுதத்தக்கதாக நிறுவலாமா என்பது கடைசிக் கேள்வி. இயங்குதளத்தின் உட்பகுதியைத் திருத்தும் எண்ணம் இல்லாதவர்கள் இல்லை என்றே சொல்லலாம். கோப்புகள் சுருக்கிய வடிவிலேயே இருப்பதால் இடம் மிச்சமாகும், 32 ஜிகாபைட் கணினியில் அது சிறு விஷயம் அல்ல.

இரண்டு இயங்குதளங்களையும் ஒரே விண்டோஸ் பாகத்தில் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. வடிவமைக்காமல் அதே பாகத்தைத் தேர்ந்தெடுத்தால், ஆண்ட்ராய்டு ஒரு கோப்புறைக்குள் அமர்ந்துகொண்டு, பயனர் தரவுக்கென்று நீங்கள் சொல்லும் அளவில் ஒரு பெரிய கோப்பை உருவாக்கிக்கொள்ளும். இதற்கு விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை முன்பே அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் அந்தப் பாகத்தைப் பாதி உறக்கத்தில் பூட்டி வைத்திருக்கும், ஆண்ட்ராய்டால் அதில் எழுத முடியாது. இவ்வாறு இரண்டையும் வைத்திருக்கும்போது கணினியின் கடிகாரம் சரியாக 8 மணி நேரம் முன்பின்னாகக் காட்டக்கூடும். விண்டோஸ் மதர்போர்டுக் கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது என்பதே காரணம். இரண்டிலும் இணையத்திலிருந்து தானாக நேரம் பெறும் அமைப்பை இயக்கி வைத்தால் சற்று நேரத்தில் சரியாகிவிடும்.

முதல் துவக்கமும் தமிழும்

முதன்முறை துவங்கும்போது சில நிமிடங்கள் ஆண்ட்ராய்டு முத்திரை மட்டுமே தெரியும், காத்திருங்கள். தொடக்க அமைப்பில் அருகலைப் படியைத் தாண்டிச் சென்று, முகப்புத் திரை வந்த பிறகு இணைத்துக்கொள்வது நல்லது. புதுப்பிப்புகளைத் தேடும் திரையிலேயே 9.0 நின்றுவிடுவது உண்டு. முகப்புக்கு 'குயிக்ஸ்டெப்', 'டாஸ்க்பார்' என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். சுட்டியும் விசைப்பலகையும் கொண்ட கணினிக்கு டாஸ்க்பாரே ஏற்றது. கீழே பட்டை, இடப்பக்கம் செயலிப் பட்டியல் என விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

மொழி அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது இந்தியா, இலங்கை, மலேசியாவோடு 'தமிழ் (சிங்கப்பூர்)' என்பதும் தனியாக இருக்கும். தேதி, நாணய வடிவங்கள் அதற்கேற்ப அமையும். தமிழில் தட்டச்சு செய்ய முயலும்போது பலர் குழம்பிப்போவார்கள். மடிக்கணினியில் விசைப்பலகை இருப்பதை ஆண்ட்ராய்டு உணர்ந்து, திரை விசைப்பலகையை மறைத்துவிடுகிறது. மொழி, உள்ளீட்டு அமைப்புகளில் 'பிசிக்கல் கீபோர்ட்' பகுதிக்குள் சென்று, திரை விசைப்பலகையை எப்போதும் காட்டும் தெரிவை இயக்குங்கள். அதன்பின் ஜிபோர்டு, செல்லினம் இரண்டில் எதையும் பயன்படுத்தலாம்; செல்லினத்தில் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு தளவமைப்புகளும் உள்ளன.

பிளே ஸ்டோர் திறக்கும்போது கருவி சான்று பெறாதது என்ற செய்தி வந்தால், கூகலின் சான்றிலாக் கருவிப் பதிவுப் பக்கத்தில் கருவியின் அடையாள எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு நடைமுறைக்கு வரச் சிறிது நேரம் பிடிக்கும். ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்ட செயலிகள் ஓடுவதற்கு, 9.0இன் அமைப்புகளில் 'ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'நேட்டிவ் பிரிட்ஜ்' என்பதை இயக்குங்கள். அது தேவையான கோப்பை இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். இறக்கம் தடைபடுவதும் உண்டு, மறுநாள் மீண்டும் முயலுங்கள்.

சில செயலிகள் நெடுக்குத் திரையை மட்டுமே அறிந்தவை. அவற்றைத் திறந்ததும் முழுத் திரையும் பக்கவாட்டில் திரும்பிவிடும். பார்ப்பவர் கழுத்தை ஒடிக்க வேண்டியதுதான். உருவாக்குநர் தெரிவுகளில் தனிச் சாளர வசதியை இயக்கி, அந்தச் செயலியை டாஸ்க்பாரிலிருந்து சாளரமாகத் திறந்தால் திரை திரும்பாது.

மூடியைச் சாத்தினால் உறங்கி, திறந்தால் விழிக்கும் என்று இதில் நம்பக் கூடாது. பல கணினிகள் உறங்கியபின் விழிப்பதில்லை. திரை அணையும் நேரத்தை 30 நிமிடமாக நீட்டிவைத்து, பயன்படுத்தி முடித்ததும் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து, வரும் பட்டியலில் முழுவதுமாக அணைத்துவிடுங்கள். வீட்டில் மூத்தோர் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் அணைக்கும் முறையை அவர்களிடம் முதலில் செய்து காட்டிவிட்டு, வானொலியையும் நூலகச் செயலியையும் முகப்புத் திரையில் பெரிதாக வைத்துக் கொடுங்கள்.